அப்பாவின் கண்ணாடி டம்ளர்

நான் ஆறாவது படிக்கும்போது, அம்மாவின் தம்பி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டில் தங்கி ஆயில் பெயின்டில் ஒரு படம் போட்டார். ஓவியக் கல்லூரியில் சேர அதைக் காட்ட வேண்டும்.

ஜன்னலோர மேசையில் மூன்று சாமான். லேபிளைக் கழுவிய பிராந்தி பாட்டில், ஜாம் பாட்டில், ஒரு கண்ணாடி டம்ளர். பிராந்தி பாட்டிலும் டம்ளரும் அப்பாவுடையவை. கண்ணாடிக்கு நிறம் கிடையாது, அதற்குப் பின்னால் தெரிவதைத்தான் வரைய வேண்டும் என்பார் மாமா. தண்ணீர் வைத்தால் டம்ளருக்குள் குமிழி ஒட்டுகிறது என்று தண்ணீர் போலவே இருக்கும், வர்ணம் கரைக்கிற டர்பன்டைனை ஊற்றச் சொன்னார். ஊற்றியது அம்மா.

"வாயில வச்சா கொடல் வெந்துடும். கிட்ட போவாத" என்று என்னிடம் சொன்னதும் அம்மாதான்.

வீடு முழுக்க ஒரு வாரமாக அந்த வாடை. மூக்குக்குப் பழகிவிட்டது.

படத்தைக் கொடுக்க மறுநாள் கடைசி நாள். கண்ணாடிமேல் விழும் வெளிச்சப் புள்ளி மட்டும் பாக்கி. வெள்ளை டியூப் தீர்ந்துபோய் மாமா கடைக்குப் போனார். அப்பா பக்கத்து மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் வேலை முடிந்து வந்தார். வழியிலேயே குடித்திருந்தார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முந்தாநாள் அப்பாவிடம் வாங்கிய அடியில் அவள் காது இன்னும் வீங்கியிருந்தது.

"என் பாட்டுலு, என் கிளாசு. ஒந்தம்பி கடை பரப்பி வச்சிருக்கான். நான் எதுல குடிக்கிறது, கையிலயா?"

அம்மா அடுத்த இணுக்கை எடுத்து உருவினாள்.

அப்பா டம்ளரை எடுத்தார். "தண்ணிதான இது?"

அம்மாவின் கை நின்றது. டம்ளரையே பார்த்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். டம்ளர் அப்பாவின் மீசைக்கு வந்துவிட்டது. ஓடிப்போய்த் தட்டிவிட்டேன்.

டம்ளர் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த படத்தின்மேல் பட்டு, கீழே விழுந்து உடைந்தது. காயாத வர்ணத்தில் டர்பன்டைன் இறங்கியது. வரைந்திருந்த பாட்டில் கரைந்து தரைவரை ஒழுகியது.

மாமா டியூபோடு வாசலில் நின்றார். "யாரு?"

"எல்லாம் ஒன் அக்கா பொண்ணுதான். கொழுப்பு" என்றார் அப்பா.

மாமா ஒரே அறை விட்டார். அதற்குமுன் என்னை அவர் தொட்டு அடித்ததில்லை. காரணத்தை அம்மா சொல்லுவாள் என்று இருந்தேன். அவள் குனிந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாய் முறத்தில் பொறுக்கினாள்.

மாமா இப்போது தவளக்குப்பத்தில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார். அப்பா இன்னும் இருக்கிறார்.

டம்ளரில் ஊற்றியது என்ன என்று அம்மா மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.