வாடாத அந்தூரியம்

காலை ஆறரைக்குச் சுந்தரலிங்கம் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் அந்தூரியத்தின் தண்டை அமிழ்த்தி, சவர பிளேடால் சாய்வாக ஒரு நூலளவு சீவுகிறார். தண்ணீருக்கு வெளியே வெட்டினால் தண்டுக்குள் காற்று ஏறிவிடுமாம். கத்தரிக்கோல் ஆகாது, நசுக்கிவிடும். பக்கத்தில் வாழைப்பழம் இருக்கவே கூடாது, அதன் வாசத்தில் பூ சீக்கிரம் வாடிவிடுமாம். தமக்குத் தேநீர் ஊற்றுமுன் போத்தலுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். பெற்ற பிள்ளையைக்கூட மனிதர் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

வயது அறுபத்தேழு. மாநகரசபைக் களஞ்சியத்தில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க். பழைய விளக்குமாற்றைக் கொண்டுவந்து மேசையடியில் போட்டால்தான் புதியது. எரிந்த பல்பைக் காட்டினால்தான் புதுப் பல்பு. எவ்வளவு பெரியவர் வந்து நின்றாலும் அதுதான் சட்டம். பென்ஷன் எடுத்துக்கொண்டு வந்த பிறகும் அந்தச் சட்டம் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மனைவி இறந்து நான்கு வருடம். மகன் கட்டாரில். மகியாவையில் அந்த இரண்டறை வீட்டு மேசைமேல் எப்போதும் ஒற்றைப் பூ இருக்கும். அதை வளர்ப்பவர் கட்டுகஸ்தோட்டைப் பஹீம் நானா. முன்பு நாவலப்பிட்டி பஸ்ஸில் நடத்துனர். இப்போது வீட்டுக்குப் பின்னால் கறுப்பு வலையின் நிழலில், தேங்காய் மட்டைத் துண்டுகளில் அந்தூரியம் வளர்க்கிறார். வாடிய பூவைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு சுந்தரலிங்கம் பஸ் ஏறுவார். அதைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த பூவைக் கேட்பார்.

"என்னத்துக்கு ஐயா இத சொமந்துகொண்டு வாரீங்க? சும்மா வாங்கோ, பூ தாரேன்."

"பழச ஒப்படைக்காம புதுசு கேக்கக் கூடாதுங்க நானா."

பிறகு ஒரு மணி நேரம் இஞ்சி போட்ட பிளேன்டீயும் பேச்சும். பழைய பஸ், பழைய ஆபீஸ், இருவருக்கும் பொதுவான சீனி வருத்தம், அதற்குப் போடும் மாத்திரை. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மிச்ச நாட்களைத் தள்ளுகிறார். அதை அவரிடமே சொன்னால் கோபித்துக்கொள்வார்.

வினை அவர் கையிலேயே இருக்கிறது. அந்தூரியம் சாதாரணமாகவே இரண்டு வாரம் நிற்கும். சுந்தரலிங்கத்திடம் அது ஒரு மாதம் நிற்கிறது. சீக்கிரம் வாடும் என்று நானா ரோசாப்பூ கொடுத்துப் பார்த்தார். இவர் அதையும் பத்து நாள் நிறுத்திக் காட்டினார்.

"நீங்க இப்பிடிப் பாத்துக்கொண்டா எங்கட யாவாரம் படுத்துரும் ஐயா," என்றார் நானா.

சுந்தரலிங்கமும் சிரித்தார். ஆனால் அதற்கடுத்த வாரம், பூ நன்றாக இருக்கும்போதே, கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை போய்விட்டார். கையில் ஒன்றும் இல்லாமல் அந்த வாசலில் போய் என்னவென்று நிற்பது? எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குத் திரும்பினார். போக வர பஸ் காசு செலவானதற்கு அவர் வருந்தவில்லை. வீட்டுக் கதவைத் திறந்ததும் வாய்விட்டு இருமிக்கொண்டார், ஒரு சத்தம் கேட்கட்டும் என்று.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை நானாவே போன் எடுத்துப் பேசினார்.

"மகளுக்குப் பிள்ள கெடச்சி ஈக்கி ஐயா. சனிக்கெழம காலத்தால நானும் பொஞ்சாதியும் புத்தளம் போறோம். நாப்பது கழிஞ்சிதான் வருவோம். பூ வேணுமெண்டா வெள்ளிக்கெழமைக்குள்ள வாங்கோ."

"ரொம்ப சந்தோசங்க நானா. இது வாடுனதும் வந்துர்றேன்."

"வாடாட்டி?"

"பாப்போங்க," என்று போனை வைத்தார்.

இன்று புதன். பூ வந்து பதினேழு நாளாகிறது. நேற்றுப் பூசிய பெயின்ட் மாதிரி சிவப்பு பளபளக்கிறது. ஓரத்தில் எங்காவது கறுத்திருக்கிறதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிவரப் பார்க்கிறார். ஒரு புள்ளிகூட இல்லை.

"இன்னும் நல்லாத்தான் இருக்கு," என்கிறார், பூவிடமே.

தேநீர் ஆறிப்போகிறது. நாற்பது நாள் என்றால் எத்தனை காலைகள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து, சற்றுமுன் ஊற்றிய தண்ணீரைப் போத்தலிலிருந்து மெதுவாகக் குசினித் தொட்டிக்குள் கவிழ்க்கிறார். வெறும் போத்தலில் பூவை நிறுத்தி, வெயில் ஏறும் ஜன்னலடியில் வைக்கிறார். பிறகு அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுகிறார்.