கரிசல் வெடிப்பில் முத்துலட்சுமி கேட்ட சத்தம்

செவ்வாய்க்கிழமை காலை, நம் சிறுவர் இதழின் அறிவியல் பக்கம் இன்னும் வரவில்லையே என்று முத்துலட்சுமிக்குப் போன் போட்டேன். எடுத்தது அவள் தம்பி. "அண்ணாச்சி, அக்கா விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாவ. ஆஸ்பத்திரி போற வழியிலேயே போயிட்டாவ" என்றான். என் அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளைகளே, மாதாமாதம் உங்களுக்காக எழுதியவள் அவள். எனக்குத் தங்கை மாதிரி. எழுதியதோடு விடமாட்டாள்; ஞாயிற்றுக்கிழமை உங்களை என் அச்சகத்துக்கு வரவழைத்து நேரிலும் சொல்லுவாள்.

கிரீன்லாந்தில் ஒரு மலையுச்சி சரிந்து, மலைகளுக்கு நடுவே ஒடுங்கி நுழைந்த கடலுக்குள் விழுந்தது. அங்கே சிக்கிய தண்ணீர் ஒன்பது நாள் இப்படியும் அப்படியும் ஆட, பூமி முழுவதும் மெல்ல அதிர்ந்தது. விஞ்ஞானிகள் கண்டுபிடித்த இந்தச் செய்தியை, போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தட்டில் தண்ணீர் ஊற்றி ஆட்டிக் காட்டினாள்.

"நம்ம ஊருக்கும் வந்துச்சா அத்தை?" என்று கேட்டாள் ஆறாம் வகுப்பு செல்வி.

"ஆமாட்டி, வந்துச்சு. நீ படுத்திருந்த பாய்க்கு அடியிலயும் போயிருக்கு. கருவிக்குத்தான் தெரிஞ்சுது, உனக்குத் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்ளத் தோன்றியது.

மறுவாரம் செல்வியும் நான்கு பேரும் இடைசெவல் கிராமத்துப் பக்கம் ஒரு தரிசில், கோடையில் பிளந்த கரிசல் வெடிப்பில் காதை வைத்துப் படுத்திருக்கிறார்கள். உள்ளே சத்தம் கேட்கிறது என்று ஓடி வந்தார்கள். "அந்த அதிர்வு எப்பவோ நின்னுபோச்சு. அது காதுல விழுகிற சத்தமும் இல்ல" என்றாள் முத்துலட்சுமி. ஆனாலும் அடுத்த விடுமுறை நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

உச்சி வெயில். காற்றே இல்லை. படுத்தவள் வெகுநேரம் எழவில்லை. பிறகு நான் படுத்தேன். வாயை மூடிக்கொண்டு யாரோ விடாமல் முனகுவது போலிருந்தது. பக்கத்துக் கிணற்று மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். மோட்டார் நின்றது, சத்தம் நிற்கவில்லை. நான் எழுந்து வெடிப்பை விட்டுத் தள்ளி நின்றுகொண்டேன்.

செய்தி பரவியதும் பெற்றோர் பயந்துபோனார்கள். பிள்ளைகளுக்குத் திருநீறு போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதை நிறுத்தினார்கள். இதழே நின்றுவிடும் போலிருந்தது. நான் அவளைக் கேட்காமலே, அது பக்கத்து நூற்பாலையின் சத்தம் என்று நாலு வரி எழுதி அவள் பெயரில் அச்சடித்துவிட்டேன். நீங்களும் திரும்பி வந்தீர்கள்.

இதழும் கையுமாக வந்து நின்றாள். "அண்ணாச்சி, நாம போனது மே தினம். அன்னைக்கு மில்லு லீவு."

"பிள்ளைக பயந்து கிடக்குல்லா?"

"பயம் ரெண்டு நாள்ல போயிரும். எனக்குத் தெரியலன்னு போடுங்க. அந்த ஒன்பது நாள் அதிர்வையும் என்னன்னே தெரியலன்னு சொல்லித்தான அந்த விஞ்ஞானிக தேட ஆரம்பிச்சாவ."

அடுத்த மாதம் போடுகிறேன் என்றேன். பிறகு அதற்கடுத்த மாதம் என்றேன். ஐப்பசி மழையில் வெடிப்பும் மூடிக்கொண்டது. சத்தம் உள்ளேயே இருக்கிறதோ என்னவோ. அவள் மறுபடி கேட்கவில்லை. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அவளுக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது செல்வி என் கையைப் பிடித்தாள். "மாமா, அது மில்லுச் சத்தந்தானா? அத்தைட்ட கேட்டேன். 'அண்ணாச்சி சொல்லுவாவ'ன்னாவ."

செல்வி, அது மில் இல்லை. அந்த நாலு வரியை எழுதியவன் நான். அங்கே கேட்டது என்னவென்று உன் அத்தைக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, கூசாமல் 'தெரியல' என்று சொல்லும் அந்தப் பழக்கத்தைத்தான். இந்தக் கோடையில் மண் மறுபடியும் வெடிக்கும். தனியாகப் போகாதீர்கள். நானும் வருகிறேன், எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.