மூன்று மடக்கு பார்லித் தண்ணீர்

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் நடுவில் பேச வராது. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் ஓட்டையும் கறையும் தேடித் தேடி, மனிதர் முகத்தைப் பார்ப்பதைவிடத் துணியைப் பார்ப்பதே எனக்குச் சுலபமாகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் மலைக்கோயிலில் கயிறு கட்டியிருந்தார். குடிக்க மாட்டேன் என்று முருகன் முன்னால் சொல்லி, பூசாரி கையால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வருஷக் கயிறு. ஐந்து மாதம் ஓடியிருந்தது. அதற்கு முன் இரண்டு முறை கட்டி, இரண்டு முறையும் அறுத்தவர். அதனால் தினமும் சாயப்பட்டறையிலிருந்து வந்ததும் வாசலிலேயே என் முகத்துக்கு நேராக ஊதிக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஊதுவார். மோந்து பார்த்துவிட்டு வழி விடுவேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனியில் சரக்கு வாங்கும் பையர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். அவருக்குப் போக வேண்டிய சரக்கில் ஒரு கட்டுக்கு மட்டும் கழுத்துப்பட்டியின் நிறம் ஒரு பொட்டுக் கூடுதலாக இருந்ததை நான்தான் கண்டு சூப்பர்வைசரிடம் சொன்னேன். கண்டது யார் என்று பையர் கேட்டாராம். மதியத்துக்கு மேல் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போனதும் ஏசி குளிர் வெளியே போகாமல் கதவைச் சாத்தினார்கள்.

மேசைமேல் ஒரு கனமான பாட்டில், கார்க்கைக் கம்பியால் கட்டியிருந்தது. கம்பியை முறுக்கி எடுத்ததும் கார்க் டப்பென்று கிளம்பியது. நுரை பொங்கி வழிந்தது. வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரிக் கலங்கிய மஞ்சள். ஒரு டம்ளரில் ஊற்றி பையரே என்னிடம் நீட்டினார்.

“குடிங்க அக்கா, பார்லிதான்” என்றார் முதலாளி. “அவங்க தோட்டத்துல வெளஞ்சதுங்க. அவங்கப்பாரு ஊட்டுலயே காய்ச்சுனது. அங்க அறுப்புக்கு வர்ற ஆளுகளுக்கெல்லாம் இதையத்தான் குடுப்பாங்களாமா.”

பார்லி எனக்குத் தெரியும். மாசமாக இருந்தபோது கால் வீங்கியதற்குக் காய்ச்சிக் குடித்தது. அறுப்பு ஆட்களுக்குக் கொடுப்பது என்றால் கூழ் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்தவர் எதிரில் குடிக்காமல் வைப்பது மரியாதையும் இல்லை. இரண்டு கையாலும் வாங்கினேன்.

முதலில் பழைய சோற்றுத் தண்ணீரின் புளிப்பு. அதன் பின்னாலேயே எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வரும் வாசம். நாக்கில் பொடிப் பொடியாகக் குத்தியது. விழுங்கிய பிறகு கிராம்பைக் கடித்தது போல ஒரு காரம். கடைசியில் வேப்பம்பூ ரசத்தின் கசப்பு மெல்ல வந்து நின்றது. ஏப்ரல் வெக்கையில் காலையிலிருந்து டேபிளில் நின்ற உடம்பு. இன்னொரு மடக்கு குடித்தேன். இன்னும் ஒன்று.

மூன்றாவதில் காது மடல் சுட்டது. மூச்சை வெளியே விட்டபோது அந்த வாசம் என் மூக்குக்கே வந்தது. தினமும் வாசலில் நின்று நான் தேடுகிற வாசம்.

டம்ளரை வைத்தேன். பையர் சிரித்துக்கொண்டே பார்த்தார். முதலாளியும் சிரித்தார். போகலாம் என்று முதலாளி சொன்ன பிறகுதான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் கம்பெனி வேனில் ஜன்னலோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தேன். “வெள்ளக்காரரோட பேசிட்டு வந்தவ நம்மகூட எல்லாம் பேசுவாளா?” என்று பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். வேனே சிரித்தது.

வீட்டுக்கு வந்து உப்புப் போட்டுக் கொப்பளித்தேன், கறிவேப்பிலை மென்றேன். அதற்குள் சைக்கிள் சத்தம். வாசலில் நின்று வழக்கம் போல ஊதினார். நான் மூச்சை அடக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஏம்புள்ள, மோந்து பார்க்கலையா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“அஞ்சு மாசமாச்சு. இன்னும் நம்பிக்கை வரலையா உனக்கு? குடிச்சவனப் பாத்த மாதிரி மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கற.” அவர் விரல் கயிற்றின் முடிச்சுக்குப் போனது. “அப்பறம் இது எதுக்குக் கையில?”

முன்பு இரண்டு முறையும் இப்படித்தான், என்னுடன் மனத்தாங்கல் வந்து அறுத்தார். வாயைத் திறந்தால் வாசம். திறக்காவிட்டால் கயிறு போய்விடும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பார்லி என்று நினைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அந்த வாசத்துக்கு அவர் மூக்கு விடைப்பதைப் பார்த்தேன்.

பிறகு, “எப்படி இருந்துச்சு?” என்றார்.

“நல்லாவே இல்லீங்க. ஒரே கசப்பு.”

“நல்லா இல்லாததையா மூணு மடக்கு குடிச்சே?”

அவர் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கயிற்றை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கதவப் பூட்டிச் சாவிய நீ இடுப்புல சொருகிக்க. கடைக்குப் போகணும்னு நான் கேட்டாலும் குடுக்காதே. எங்கிட்டப் பேசவும் பேசாதே, அந்த வாசம் வருது.”

பூட்டினேன். வெளிச்சம் இருக்கும்போதே பூட்டின வீட்டில், அவர் ஒரு சுவரோரமும் நான் எதிர்ச்சுவரோரமும், விடியும் வரை வாய் திறக்காமல் இருந்தோம்.