சாவியை மகனிடம் கொடுத்தேன்

நான் நாகர்கோவில்காரன், கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையிலிருந்து இலங்கைக்கு ஊழியப் பயணம் என்று அறிவித்தபோது, தமிழ் பேசும் ஊர்தானே, நமக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று நானும் பெயர் கொடுத்தேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பழுகாமத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். வெள்ளத்தில் மண்வீடு கரைந்துபோன ஒரு கைம்பெண்ணுக்கு, அவள் காணியிலேயே கல்வீடு கட்டினோம். அவளும் மகளும் பின்னால் சமைக்கப் போட்டிருந்த தகரக் குசினியில் படுத்தார்கள். கலியாணமான மகன் மனைவியோடு உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தான். தாயும் மகளும் கோயிலுக்குப் போகிறவர்கள். அவன் மட்டும் எங்கள் மாலை ஜெபத்துக்கு வந்தான்.

மகள் எங்களோடு சாந்து சுமந்தாள். “ஐயா, நீங்க சட்டி தூக்குற வேகத்துக்கு நான் கிழவியாகித்தான் கலியாணம் முடிப்பன்” என்பாள். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கும் அவள் கலியாணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றவில்லை.

வீடு முடிந்த அன்று, குழுவில் மூத்தவன் என்று சாவி கொடுக்க என்னை அழைத்தார்கள். தாயிடம் கொடுப்பேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான் மகனைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் வீடு மகனுக்கு. அது ஒரு காரணம். அவன் ஜெபத்துக்கு வந்தவன் என்பது மற்றது. அதை அன்று எனக்கே நான் ஒத்துக்கொள்ளவில்லை. “தம்பி, ஆண்டவர் உனக்குத் தந்த வீடு இது” என்று அவன் உள்ளங்கையில் சாவியை வைத்து மூடினேன். கைதட்டினார்கள். தாய் தட்டவில்லை.

புறப்படும்போது தாய் வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்கு. வீடில்லாட்டி இவள ஆர் முடிப்பாங்க?”

“மகன் பார்த்துக்கொள்வான், அம்மா.”

“அவனுக்குப் பொண்டாட்டி இரிக்காள், ஐயா.”

விமானத்துக்கு நேரமாகிறது என்றார்கள். அவள் விரல்களை ஜன்னலிலிருந்து நான்தான் விலக்கினேன்.

பிறகு அவள் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, வீட்டில் மகன் குடியிருப்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டார்களாம். “நீங்க சொன்னா அவன் கேப்பான், ஐயா.”

அவனை அழைத்தேன். மரியாதையாகவே பேசினான். “நான் களவெடுக்கல்ல, ஐயா. ஆண்டவர் தந்ததெண்டு நீங்கதானே ஊருக்கு முன்னால சொன்னீங்க.”

“நான் சொன்னது தவறு, தம்பி.”

“அப்ப ஜெபத்தில சொன்ன மத்ததெல்லாம்?”

கேலியா, மெய்யாகவே கேட்டானா, தெரியவில்லை. குழுவில் சொன்னேன், குடும்ப விவகாரம், ஜெபிப்போம் என்றார்கள்.

தனக்கொரு வீடு கட்டச் சம்பாதிக்க, மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போன வாரம் பேசினாள்.

“இங்க வீடு பெருசு, ஐயா. நீங்க கட்டினது போல பத்து வரும். துடைக்கத்தான் ஏலாது.”

அவளே தொடர்ந்தாள். “ஊரில மழை துவங்கிற்றாம். குசினித் தகரம் ஒழுகுதாம். மழைக்கு மட்டும் அம்மாவ உள்ளுக்குப் படுக்க விடச் சொல்லி அண்ணனுக்கிட்டச் சொல்லுங்க. வேற ஒண்டும் கேக்கல்ல.”

அன்றிலிருந்து அவனை அழைத்துக்கொண்டிருக்கிறேன். மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. இன்று காலையும் அழைத்தேன். அங்கே இன்னும் மழை விடவில்லையாம்.