மணியைத் தேடிய கை

இன்று கோலாலம்பூரில் செந்தூல் மினி பஸ்ஸில் பக்கத்து வீட்டு ஆன்டி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தார்.

"ஐசியூல பைத்தியம் புடிச்சு ஒரேயடியா கத்துனியாமே?"

"தொண்டையில குழாய் இருந்துச்சு ஆன்டி. எப்படிக் கத்துறது?"

போன மாதம் எனக்கு நிமோனியா. ஒன்பது நாள் மூச்சு இயந்திரம், கூடவே மயக்க மருந்து. அந்த அரைமயக்கத்தில் வார்டு எனக்கு மினி பஸ்ஸாகத் தெரிந்தது. இயந்திரம் புஸ்ஸென்று ஊதும்போதெல்லாம் பஸ் கதவு திறந்தது. என் ஸ்டாப் வந்தது. பஸ் நிற்காமல் போனது. இறங்குவதற்காக மணியைத் தேடினேன். கையில் அகப்பட்டது குழாய். இழுத்தேன். கையைக் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள்.

காய்ச்சலும் மருந்தும் சேர்ந்தால் இப்படி யாருக்கும் புத்தி குழம்பும், பிறகு தெளிந்துவிடும் என்றார் டாக்டர். தெளிந்துவிட்டது.

இதையெல்லாம் ஆன்டியிடம் சொன்னேன்.

"இருந்தாலும் இத வெளிய சொல்லாத லா. நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பாக்கணும்."

"சொல்லுவேன் ஆன்டி."

எழுந்து மணியை அழுத்தினேன். பஸ் என் ஸ்டாப்பில் நின்றது.

இதோ, சொல்லிவிட்டேன். படிக்கிறவர்களில் மாப்பிள்ளை வீட்டார் யாராவது இருந்தால் என்னிடமே நேராகக் கேட்கலாம். இப்போது தொண்டையில் குழாய் இல்லை.