பால் மரம் வெட்டிய கையும் ஸ்டிக்கர் கத்தியும்

சைன்போர்டு தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: நாம் செய்த தப்பை ஊரே நின்று படிக்கும். குழம்பில் உப்புக் கூடினால் வீட்டோடு போகும். கடைப் பலகையில் ஓர் எழுத்து கோணினால், அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் வரைக்கும் தெரியும். ஸ்டிக்கருக்குள் மாட்டிக்கொண்ட காற்றைக் கட்டைவிரலால் விரட்டி விரட்டிக் களைத்துப்போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிலோமினா. கல்யாணத்துக்கு முன்னால் திகாம் பத்துவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினேன். என் வீட்டுக்காரர் சூசை, சுங்கைப்பட்டாணியில் சைன்போர்டு கடை வைத்திருந்தார். பிரஷ்ஷும் பெயிண்டும்தான் தொழில். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தின்னர் வாடையே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் தோட்டத்துக்கே போய்விடலாம் என்றார் இவர். இருட்டோடு எழுந்து, கொசுக்கடியில் நின்று, மழை வந்தால் சம்பளம் போன கதை எனக்குப் போதும் போதும் என்றிருந்தது. நான் திரும்பிப் போக மாட்டேன் என்றேன். வாடையே இல்லாத ஸ்டிக்கர் அப்போதுதான் பினாங்கிலிருந்து சுருள் சுருளாக வர ஆரம்பித்திருந்தது. அதை நம்பி இறங்கினோம்.

பட்டையும் தாளும்

ஸ்டிக்கர் இரண்டு அடுக்கு. மேலே கலர், கீழே மெழுகுத் தாள். எழுத்தை வெட்டும்போது கலர் அறுபட வேண்டும், தாள் அறுபடக் கூடாது. தாளும் சேர்ந்து அறுந்தால் எழுத்து கையோடு வந்துவிடும், வரிசை கலைந்துவிடும். இவர் அழகாக எழுத்தை வரைந்தார். ஆனால் கத்தியை எடுத்தால் பிரஷ்ஷை அழுத்துவதுபோலவே அழுத்தினார். ஒரு காலை நேரத்தில் அரைச் சுருள் குப்பைக்குப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை, கத்தியை வாங்கினேன்.

பால் மரத்திலும் இதே கதைதான். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், உள்ளே இருக்கிற மரத்தில் காயம் படக் கூடாது. காயம் பட்டால் எங்களை மேற்பார்க்கிற மண்டோர் அங்கேயே நிற்க வைத்து மானத்தை வாங்கிவிடுவார். அந்தப் பயம் என் விரலில் ஊறிக் கிடந்தது. மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு முழங்கையிலிருந்து இழுத்தேன். வளைவு வந்தபோது கத்தியைத் திருப்பவில்லை, தாளைத் திருப்பினேன். மரம் திரும்பாது, அதனால் நாம் நகர்வோம்; தாள் திரும்பும், அதனால் அதை நகர்த்தினேன்; இரண்டிலும் மணிக்கட்டு அசையக் கூடாது. வெட்டி முடித்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு கீறல் இல்லை. இவர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிலோ, உங்க மண்டோரு இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போடணும்."

சவுக்காரத் தண்ணீர்

வெட்டத் தெரிந்த மாத்திரத்தில் ஒட்டத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். முதல் வேலை திகாம் பத்துவில் ஒரு தையல் கடைக் கண்ணாடி. கடைக்காரம்மா லெட்சுமி அக்கா எனக்கு முன்பே பழக்கம், அதனால்தான் நம்பிக் கொடுத்தார். தாளை உரித்து அப்படியே கண்ணாடியில் அறைந்தேன். பிடித்த இடத்தில் பிடித்துக்கொண்டது, நகர்த்த வழியில்லை. எழுத்தெல்லாம் கொப்புளம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள்.

அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வெட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சவுக்காரம் சில சொட்டு விட்டுக் கலக்கி, கண்ணாடி முழுக்கத் தெளித்தேன். எழுத்துகளின் மேல் மெல்லிய ஒட்டுத்தாளை விரித்து, வரிசை கலையாமல் மொத்தமாகத் தூக்கி வைத்தேன். ஈரத்தில் அது வழுக்கிக்கொண்டு போகும், மட்டம் பார்த்து நிறுத்தலாம். பிறகு ஐஸ்கிரீம் டப்பா மூடியைப் பாதியாக வெட்டி, பழைய கைலித் துணியைச் சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினேன். தண்ணீர் போகும்போது காற்றையும் கூட்டிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் காயவிட்டு, மேல் தாளைப் படுக்கைவசமாக மடக்கி மெதுவாக உரித்தேன். கொப்புளம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. லெட்சுமி அக்கா கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். "பசைன்னா தண்ணி ஆகாதுன்னு நெனச்சேன், நீ தண்ணியிலயே ஒட்டிட்டியே லா."

கண்ணாடிக்கு உள்ளே

அலோர் ஸ்டாரில் ஒரு சொங்கோக் தொப்பிக் கடை. ஹாஜி ஒருவர் நடத்தினார். தெருவில் போகிறவர்கள் கை வைக்காமல் இருக்க எழுத்தை உள்பக்கம் ஒட்டச் சொன்னார். உள்ளே ஒட்டி வெளியே படிக்க வேண்டுமென்றால் எழுத்தைத் தலைகீழாக அல்ல, இடவலமாக மாற்றி வெட்ட வேண்டும். தமிழோ ஆங்கிலமோ என்றால் மாறியிருப்பது பார்த்தவுடன் தெரியும். ஹாஜிக்கு வேண்டியது ஜாவி, அரபு எழுத்தில் எழுதுகிற மலாய். எனக்கும் இவருக்கும் ஜாவி எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அழகுதான்.

அவர் எழுதிக் கொடுத்ததை மெல்லிய தாளில் எடுத்து, தாளைப் புரட்டிப்போட்டு வெட்டினேன். மனசு கேட்கவில்லை. ஒட்டுவதற்கு முன்னால், பௌடர் போடுகிற என் முகக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து, வெட்டிய தாளுக்கு எதிரே பிடித்து, ஹாஜியைப் படிக்கச் சொன்னேன். அவர் வாய்விட்டுப் படித்தார், ஒரு புள்ளி பிசகவில்லை. பிறகு எங்களுக்குத் தேத்தண்ணி வரவழைத்துவிட்டு மலாயில் சொன்னார்: "உங்க கண்ணாடிக்குக்கூட ஜாவி படிக்கத் தெரியுதே, அக்கா."

நோண்டும் விரல்கள்

ஸ்டிக்கரைப் பார்த்தால் மனுஷனுக்கு நகம் அரிக்கும். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன், மாதா கோயில் உட்பட. பாலிங்கில் லோரி ஓட்டிய மாணிக்கம் அண்ணன் தன் லோரிக் கதவில் பெயரும் ஊரும் ஒட்டச் சொன்னார். ஒட்டிக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் மூலையெல்லாம் உரிந்து தொங்குகிறதென்று ஆள் அனுப்பினார். ஸ்டிக்கர் நிற்காது என்று பேச்சுக் கிளம்பினால் எங்கள் கதை முடிந்தது. இவர் அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை, தோட்டத்தில் இருக்கிற தன் தம்பியைப் பார்க்கப் போகலாமா என்று மட்டும் கேட்டார். எதற்கென்று எனக்குத் தெரியும். நான் பாலிங் பஸ் ஏறினேன்.

கதவைத் தொட்டவுடன் புரிந்தது. லோரியை மினுக்க மெழுகு பூசியிருந்தார். அதை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்காமல் ஒட்டியதால் பசை மெழுகைத்தான் பிடித்திருந்தது. இன்னொன்று, என் எழுத்துகளின் மூலைகள் கத்திபோலக் கூராக இருந்தன. கூரான மூலை நகத்துக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி. புதிதாக வெட்டினேன், மூலைகளையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உருட்டினேன். கதவைத் துடைத்து, நிழலில் ஆறவிட்டு ஒட்டி, ஓரங்களைக் கரண்டி முதுகால் தேய்த்தேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் கூர் மூலை வெட்டியதில்லை. எல்லாம் முடிந்தபிறகு, முதலில் நோண்டியது யார் என்று மாணிக்கம் அண்ணனைக் கேட்டேன். "நான் நோண்டலம்மா, வர்றவன் போறவன்லாம் எப்படி நோண்டுறான்னு என் சம்சாரத்துக்குக் காட்டினேன், அவ்வளவுதான்."

பஸ்ஸின் ரிவிட்டுகள்

சுங்கைப்பட்டாணியில் தொழிற்சாலைகள் வந்த பிறகு, தோட்டத்துப் பெண்பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, பஸ் விட்டார். தோட்டத்துச் சனங்களோடு வளர்ந்த மனுஷர், தமிழ் பேசுவார். பஸ்ஸின் இரண்டு பக்கமும் நீளமாகக் கம்பெனிப் பெயரும் பட்டையும் வேண்டும், முதலில் ஒரு பஸ்ஸில் ஒட்டுங்கள், மழைக்காலம் போகட்டும், நின்றால் மற்ற பஸ் எல்லாம் உங்களுக்கு என்றார். எங்களுக்குக் கையில் வேறு வேலை இல்லை. இவர் எனக்குத் தெரியாமல் தோட்டத்தில் பேசி முடித்திருந்தார். தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருக்கிற லயத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறதாம், வெட்ட மரமும் தருவார்களாம். தெரிந்தபோது அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பஸ் முடியட்டும், பிறகு பேசலாம் என்றேன்.

பஸ்ஸின் தகரம் முழுக்க வரிசை வரிசையாக ரிவிட். ஸ்டிக்கர் அதன் தலையில் கூடாரம் அடித்து நிற்கும், அந்த இடைவெளியில் மழைத் தண்ணீர் புகுந்தால் பட்டை மொத்தமும் கிளம்பிவிடும். பக்கத்து சலூனில் முடி காய வைக்கிற மெஷினை இரவல் வாங்கினேன். பட்டையை ஒட்டியபின் நான் ஒவ்வொரு ரிவிட்டைச் சுற்றியும் காற்றுப் போக ஊசியால் குத்தி, சூடு காட்டி இளக வைத்தேன். ரொம்பச் சூடு காட்டினால் சுருங்கிவிடும், கை பொறுக்கிற சூடு போதும். இளகியதும் உடனே அழுத்த வேண்டும், அதற்கு எனக்கு இரண்டு கை போதவில்லை. பார்த்துக்கொண்டே நின்ற இவர், தன் பெரிய பிரஷ் ஒன்றின் மயிரைக் கட்டையாக நறுக்கி எடுத்து வந்து, ஸ்டிக்கர் தகரத்தோடு தகரமாகப் படியும்வரை வட்டமாகக் குத்தினார். நான் சூடு காட்ட, அவர் குத்த, ஒரு பக்கம் முடிந்து மறு பக்கமும் முடிந்தது. அவருக்கு ஒரு தடவைகூட மூச்சு இழுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தை நான் மறைக்கவே இல்லை.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் தவுக்கே பஸ்ஸோடு கடை வாசலில் வந்து இறங்கினார். ஓரங்களைத் தடவினார், கார்ச் சாவியை எடுத்து நெம்பினார், டிரைவரைக் கூப்பிட்டு அவரையும் நெம்பச் சொன்னார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தவுக்கேயின் முகத்தையே பார்த்தேன். அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு மத்த பஸ் எல்லாம் அனுப்புறேன், ஆனா தங்கச்சி, பஸ் வித்தா இத எப்படி எடுக்கிறது?"

எங்களைப் பாராட்டியவர்கள் எத்தனையோ பேர் உண்டு, ஆனால் அந்த லயத்து வீட்டுக்கு நாங்கள் குடிபோகாமல் காப்பாற்றியது ஒருவர் சொன்ன இந்தக் குறைதான்.