ஹீரோ இல்லாத பாட்டு

சவுதியிலிருந்து லீவில் வந்த என் மாமா, எல்லார் வீட்டு மாமாவும் கொண்டு வருவதைத்தான் கொண்டு வந்தார். சென்ட், பாதாம், தலைவலித் தைலம், மடித்தால் பெட்டிக்குள் அடங்காத ஒரு கம்பளி. பெரம்பலூர் வெயிலுக்குக் கம்பளி எதற்கென்று யாரும் கேட்கவில்லை. கூடவே ஒரு விசிடி பிளேயரும் வந்து இறங்கியது. அதில் போட்டுப் பார்க்க அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு சிடி. மாமா வேலை பார்த்தது கொரியாக்காரர்களின் கம்பெனி. வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய கொரிய ஃபோர்மேன் ஒருவர், அறையைக் காலி செய்யும்போது மாமா கையில் திணித்துவிட்டுப் போன பாட்டு சிடி அது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு, அக்கா பத்தாம் வகுப்பு. பாட்டென்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி என்ற திமிரோடுதான் டிவி முன்னால் உட்கார்ந்தோம்.

முதலில் தலைமுடி. ஆறு பையன்கள் வந்து நின்றார்கள். ஒருவனுக்குச் செம்பட்டை, ஒருவனுக்குச் சாம்பல், ஒருவனுக்கு எங்கள் வீட்டுக் குளியலறை வாளியின் நீலம். எல்லார் கண்ணிலும் மை, முகத்தில் எங்கள் ஊர்க் கல்யாணப் பெண்கூடப் பூசாத அளவுக்குப் பவுடர். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் ஆம்பளப் புள்ளைங்களாடா தம்பி?" என்று மாமாவைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஹீரோ யாரென்று தெரியாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடுவில் நிற்பவன் ஹீரோ, அவனுக்குப் பக்கத்தில் ஹீரோயின், பின்னால் ஆடுகிறவர்களுக்கு முகம் கிடையாது. இதுதானே உலக வழக்கம்? இங்கே நீல முடிக்காரன் நடுவில் நின்று இரண்டு வரி பாடினான். சரி, இவன்தான் என்று நான் முடிவு செய்த மாத்திரத்தில் அவன் நழுவிப் பின்னால் போய்விட்டான். பின்னால் நின்றவன் முன்னால் வந்தான். அவனும் நிலைக்கவில்லை. ஆறு பேரும் மாறி மாறி நடுவுக்கு வந்து போனார்களே தவிர, ஹீரோயின் கடைசி வரை வரவே இல்லை. பாட்டு முடிந்த பிறகும் நான் அவளுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

இன்னொரு பாட்டில் கூட்டத்தைக் காட்டினார்கள். எங்கள் ஊர் தியேட்டரில் எப்போது வேண்டுமானாலும் விசிலடிக்கலாம், காகிதம் கிழித்து வீசலாம். அங்கே அத்தனை பேர் கையிலும் ஒரே மஞ்சள் பலூன். பையன்கள் பாடும்போது கப்சிப். அவர்கள் மூச்சு வாங்குகிற இடைவெளியில் மட்டும் மொத்தக் கூட்டமும் ஆறு பேருடைய பெயரையும் வரிசையாகக் கத்திவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டது. பின்னால் யாரோ ஒரு டீச்சர் பிரம்போடு நிற்கிறார் என்றே நான் நினைத்தேன்.

கடைசியில் அவர்களுக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். வாங்கிய உடனே ஆறு பேரும் இடுப்பு வரை குனிந்து கும்பிடு போட்டுவிட்டு ஓவென்று அழுதார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஜெயிச்சதுக்கு ஏன் மாமா அழுவுறாங்க? தோத்தவங்கதானே அழணும்?"

"அவுங்க ஊரு வழக்கம் போல பாப்பா," என்றார் மாமா. அவருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கும்பிட்டைப் பார்த்த அம்மா அன்றே கட்சி மாறிவிட்டாள். குனியத் தெரிந்த பிள்ளைகள் கண்ணுக்கு மை போட்டால் என்ன குறைந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் போய் வாதாடினாள்.

அக்கா மட்டும் முதல் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டு, யார் எங்கிருந்து நடுவுக்கு வருகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பெரிய வகுப்புப் பெண்களின் குழு நடனத்துக்குத்தான் மவுசு. வருடா வருடம் ஒரு சினிமாப் பாட்டு, நடுவில் டாக்டர் வீட்டுப் பெண், அவளைச் சுற்றி மூன்று நான்கு பேர், பின்வரிசையில் அக்காவும் இன்னும் ஐந்து பேரும். "நீ ஒசரம்டி. பின்னால நின்னாத்தான் எடுப்பா இருக்கும்," என்று நடன டீச்சர் சொல்லுவார். நானும் என் அக்காதான் பள்ளியிலேயே உயரம் என்று வகுப்பில் பீற்றிக்கொள்வேன். ஒப்பனை நேரத்தில் பின்வரிசைக்குப் பவுடர் வந்து சேராது. "இதுங்களுக்கு அடிச்சா டப்பாவே காலியாயிடும்," என்பார் டீச்சர். எல்லாரும் சிரிப்பார்கள், அக்காவும் சிரிப்பாள்.

அந்த வருடம் மேடை சிறியது என்று பின்வரிசையையே எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை அக்கா சாப்பிடாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாமா விஷயத்தைக் கேட்டார். பிறகு திரையைக் காட்டி, "அப்ப பின்வரிசைக்காரங்களா சேந்து ஒரு ஆட்டம் போடுங்களேன்," என்றார்.

"யாரு மாமா நடுவுல நிக்கிறது?"

"அதான் பாத்துக்கிட்டே இருக்கியே. எல்லாருந்தான்."

டீச்சர் மறுக்கவில்லை. விழாவில் கடைசியாக ஆடிக்கொள்ளுங்கள், போட்டியிலும் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். "ஆனா புரியாத பாட்டுக்கு யாரும் கை தட்டலன்னா எங்கிட்ட வந்து அழக்கூடாது," என்றும் சொன்னார்.

எங்கள் மொட்டைமாடியில் ஒத்திகை ஆரம்பித்தது. செல்வி, பானு, ரோசி, மகேஸ்வரி, அமுதா, அக்கா. ஸ்டெப்பெல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. வராதது ஒன்றுதான்: நடுவுக்கு வருவது. தன் முறை வந்ததும் ஒவ்வொருத்தியும் பழக்க தோஷத்தில் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். செல்வி பானுவைத் தள்ளினாள், பானு ரோசியின் முதுகில் ஒளிந்தாள். ஆறு பேர் சுற்றிச் சுற்றி ஆட, நடு இடம் மட்டும் மொட்டைமாடி வெயிலில் காலியாகக் கிடந்தது.

மாமாதான் வழி கண்டுபிடித்தார். அந்தக் கூட்டம் கத்துகிறதே, அதே மாதிரி நாங்களும் பெயரைக் கத்த வேண்டும், பெயர் வந்தவள் வந்தே ஆக வேண்டும். பலூன் படைக்கு நான் தலைவியானேன். என் வகுப்பையும் எங்கள் தெருவையும் திரட்டினேன். கத்தச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு ஓடும்போது வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லிக் கொடுப்பதற்குள்தான் எனக்கும் மாமாவுக்கும் உயிர் போய்விட்டது. "விசிலடிச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்," என்று மாமா எச்சரித்தார்.

விழா நாள் காலையில் மேடை முகப்புக் கயிற்றில் மஞ்சள் பலூன் கட்டினோம். அக்கா நுனிக்காலில் எக்கிப் பார்த்தும் எட்டவில்லை. டாக்டர் வீட்டுப் பெண் அந்தப் பக்கம் வந்தாள். நல்ல பெண். சிரித்துக்கொண்டே பலூன்களை வாங்கி, எக்காமலேயே கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சினிமாப் பாட்டுக்கு நல்ல கைதட்டல். பிறகு எங்கள் ஆறு பேர், பவுடர் இல்லாத முகத்தோடு வந்து நின்றார்கள். டிவியிலிருந்து மாமா பதிவு செய்த கேசட்டைப் போட்டார்கள். "சைனாப் பாட்டா இது?" என்று முன்வரிசையில் ஒருவர் சத்தமாகக் கேட்க, கூட்டம் சிரித்தது. என் படை வாய் திறக்கவில்லை. முதல் இடைவெளி வந்தது. செல்வி! என்று கத்தினோம், செல்வி வந்தாள். அடுத்த இடைவெளியில் பானு. சிரிப்பு நின்றுவிட்டது. ரோசி, மகேஸ்வரி, அமுதா. ஒவ்வொருத்தியும் நடுவில் வந்து தன் ஆட்டத்தை ஆடிவிட்டுப் போக, மைதானமே வாயைப் பிளந்து பார்த்தது. இனி அக்கா மட்டும்தான் பாக்கி.

அப்போது பார்த்துக் கேசட் சிக்கிக்கொண்டது. பாட்டு இழுத்து இழுத்து முனகி, நின்றே போயிற்று. டீச்சர் திரையை மூடச் சொல்லிக் கை காட்டினார். பின்னால் இருந்த அக்கா ஒரு காலை முன்வைத்தபடி அப்படியே நின்றாள். திரை மூடினால் அவ்வளவுதான். பத்தாவதோடு முடிகிற எங்கள் பள்ளியில் அது அவளுக்குக் கடைசி ஆண்டு விழா.

நான் பலூனைத் தூக்கிக்கொண்டு எழுந்து, முதலிலிருந்து, செல்வி! என்று கத்தினேன். என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. செல்வி சட்டென்று நடுவுக்கு வந்து ஆடினாள். பானு! என்றபோது படை முழுவதும் எழுந்துவிட்டது. ரோசிக்கு மேடைப் பலகை தாளம் போட்டது. வரிசையை அதற்குள் மனப்பாடம் செய்துவிட்ட அப்பா அம்மாக்களும் மகேஸ்வரிக்கும் அமுதாவுக்கும் சேர்ந்துகொண்டார்கள். திரைக்கயிற்றைப் பிடித்திருந்தவர் அதை விட்டுவிட்டுக் கை தட்டினார். பிறகு அக்காவின் பெயர். மொத்த மைதானமும் அவள் பெயரைக் கத்தியது. அக்கா வந்தாள். பாட்டே இல்லாமல், நடு மேடையில், வேண்டிய மட்டும் ஆடினாள். எங்களையெல்லாம் விசிலடிக்கக் கூடாது என்று மிரட்டிய மாமா, நாற்காலி மேல் ஏறி நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு. ஆறு பேரும் இடுப்பு வரை குனிந்து கும்பிட்டார்கள். நிமிர்ந்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள், அந்தக் கொரியாக்காரப் பையன்களைப் போலவே, ஓவென்று. "ஜெயிச்சுட்டு ஏன்க்கா அழுவுற?" என்று வழியெல்லாம் நச்சரித்தேன். "போடி," என்றாள். சிடியைப் பார்த்துக் குனியப் பழகிய மாதிரி அழவும் பழகிவிட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டு, தட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி தெருவெல்லாம் நடந்தேன்.

போன மாதம் அக்கா மகளின் பிறந்தநாளுக்குப் பலூன் கட்டினோம். அக்கா நுனிக்காலில் எக்கினாள், எட்டவில்லை. "நீ கட்டுடி, நீதான் ஒசரம்," என்று என்னிடம் கொடுத்தாள். பலூனை வாங்கிக் கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

விழாவன்று, நடுவில் நின்று ஆடும் டாக்டர் வீட்டுப் பெண் எக்காமலேயே கட்டினாளே. அக்கா என்றைக்குமே உயரம் இல்லை. பின்வரிசையில் நின்ற ஆறு பேரும் ஆளுக்கொரு உயரம். நிறம் மட்டும்தான் ஒன்று. எனக்கு இது புரிய இத்தனை வருடம் ஆயிற்று. அக்காவுக்கு அது அன்று மேடையிலேயே தெரிந்திருந்தது.